இத்தனைக்குப் பிறகும்: ஓர் இரண்டாம் இசைத்தட்டின் வரலாறு

இலக்கிய வரலாறு எழுதுவோர் ஓர் எழுத்தாளனின் முதல் நூலுக்கும் முதன்மை நூலுக்கும் தவறாமல் இடம் ஒதுக்கிவிடுவர். இவ்விரண்டுக்கும் நடுவே அவன் தன் குரலைத் தேடித் திரிந்த காலத்து நூல்கள் பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிடும். மேலைநாட்டு ராக் இசையின் வரலாறும் இதற்கு விலக்கன்று. பிரிட்டனைச் சேர்ந்த பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் என்னும் குழு 1970ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியிட்ட இரண்டாம் இசைத்தட்டு அப்படி அடிக்குறிப்பாகிப் போனவற்றுள் ஒன்று. 'டெஸ்பைட் இட் ஆல்' என்பது அதன் பெயர். 'இத்தனைக்குப் பிறகும்' என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

'இத்தனை' என்பது எத்தனை என்று தெரிந்தால்தான் இத்தலைப்பின் பொருள் விளங்கும். அதற்கு நாம் அவ்வாண்டின் ஏப்ரல் மாதத்துக்கும், அதற்கும் சற்று முன்னே 1960களின் நடுப்பகுதிக்கும் செல்லவேண்டும்.

*

இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்றொரு ஊர் உண்டு. அவ்வூரை மையமாகக் கொண்டு கிப்பிங்டன் லாட்ஜ் என்ற பெயரில் இளைஞர் குழு ஒன்று இயங்கிவந்தது. கிதார் வாசித்த பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் அதன் முதன்மையாளர். அவருடைய பள்ளித் தோழரான நிக் லோ 1967-இல் பேஸ் கிதாருடன் குழுவில் சேர்ந்தார். விசைப்பலகைக் கருவிகளுக்குப் பாப் ஆண்ட்ரூஸும் தாளக் கருவிகளுக்குப் பில்லி ராங்கினும் பின்னர் வந்தனர். பீட்டில்ஸின் தட்டுகளை வெளியிட்ட பார்லஃபோன் நிறுவனமே இவர்களின் தனிப்பாடல் தட்டுகளையும் வெளியிட்டது. ஆயினும் அவற்றுள் எதுவும் வெற்றி பெறவில்லை. மெல்லிய பாப் பாடல்களின் காலம் முடிந்து, நீண்ட இசைத்தட்டுகளின் காலம் தொடங்கிவிட்டிருந்தது. 1969-இல் குழு தன் பெயரை மாற்றிக்கொண்டது. பாடல்களை எழுதிப் பாடியவர் பெரும்பாலும் நிக் லோ. குழுவுக்குச் சூட்டப்பட்டதோ கிதார் கலைஞரின் பெயர். இந்தச் சிறு முரண் கடைசிவரை குழுவைத் தொடர்ந்தது.

அவ்வேளையில் ஃபேம்புஷர்ஸ் என்ற மேலாண்மை நிறுவனம் இசை வார இதழொன்றில் விளம்பரம் செய்து புதிய குழுவொன்றைத் தேடியது. 'புகழைத் தள்ளிவிடுவோர்' என்று அந்நிறுவனத்தின் பெயரையே மொழிபெயர்க்கலாம். முன்னர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் இசைப் பயணங்களில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர் டேவ் ராபின்சன் அந்நிறுவனத்தில் இருந்தார். விண்ணப்பித்த பல குழுக்களுள் பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. தொடர்ந்து தீட்டப்பட்ட திட்டம், ராக் இசையின் விளம்பர வரலாற்றில் இன்றளவும் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது.

திட்டம் கேட்பதற்கு எளியது. யாரும் அறியாத இக்குழுவை நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் மேடையேற்றுவது. அதைக் காண ஒரு விமானம் நிறையப் பிரிட்டிஷ் பத்திரிகையாளர்களை அழைத்துச் செல்வது. திரும்பி வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளின் மேலேறி முதல் இசைத்தட்டு விற்பனையாவது. பில் கிரஹாம் நடத்திவந்த அவ்வரங்கு ஏறத்தாழ 2600 இருக்கைகள் கொண்டது. அக்காலத்தில் அங்கு வாசிப்பதே ஒரு பட்டம் பெற்றதற்கு ஒப்பாகும். 1970 ஏப்ரல் 3, 4 ஆகிய நாள்களின் நிகழ்ச்சியில் வான் மாரிசன், குயிக்சில்வர் மெஸஞ்சர் சர்வீஸ் ஆகியோருக்கு முன்னதாக, பட்டியலின் அடியில் இவர்களின் பெயர் சேர்க்கப்பட்டது.

பின்னர் ஒவ்வொன்றாகப் பிசகியது. அமெரிக்காவுக்கான விசா உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. குழுவினர் கனடா சென்று காத்திருந்து, நிகழ்ச்சி நாளன்றுதான் சிறு விமானமொன்றில் நியூயார்க்கை அடைந்தனர். வாடகைக் கருவிகள், ஒத்திகைக்கு நேரமில்லை. பத்திரிகையாளர்களும் போட்டியில் வென்ற வாசகர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிவந்த விமானமோ கோளாறு காரணமாக வழியில் மணிக்கணக்கில் தாமதித்தது. காத்திருந்த நேரமெல்லாம் மது வழங்கப்பட்டது. உறக்கமின்றி, தள்ளாடியபடி, நிகழ்ச்சி தொடங்கும் தறுவாயில் அவர்கள் சொகுசுக் கார்களில் அரங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மேடையில் அவர்கள் கண்டது, பதற்றத்துடன் வாசிக்கும் நான்கு இளைஞர்களை. மோசமான குழு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்து காணவேண்டிய அதிசயமாகவும் அவர்கள் இல்லை.

லண்டன் இதழ்கள் இசையைப் பற்றி எழுதியதைவிட ஏமாற்றத்தைப் பற்றியே மிகுதியாக எழுதின. அதே மாதம் வெளிவந்த முதல் இசைத்தட்டு, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரின் கூட்டுக்குரல் பாணியைப் பின்பற்றிய இனிய படைப்பு. அதை நடுநிலையோடு கேட்க எவரும் ஆயத்தமாக இல்லை. 'மிகை விளம்பரம்' என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டாகக் குழுவின் பெயர் நிலைத்துவிட்டது. இருபது வயதைச் சற்றே கடந்தவர்கள். தாங்கள் தீட்டாத திட்டத்தின் பழியைத் தங்கள் பெயரில் சுமந்தார்கள்.

*

இத்தகைய நிலையில் ஒரு குழுவின் முன் இருக்கும் வழிகள் சில. கலைந்துபோகலாம், பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஏளனம் செய்தவர்களை வாயடைக்கும் வகையில் இன்னும் பிரம்மாண்டமாக ஒன்றைச் செய்ய முயலலாம். அவ்வாண்டின் பிரிட்டிஷ் இசைச்சூழல் மூன்றாம் வழிக்கே இசைவாக இருந்தது. ஒரு தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும் நெடும்பாடல்கள், செவ்வியல் இசையின் சாயல், புராணக் கற்பனைகள் என்று முற்போக்கு ராக் வளர்ந்துகொண்டிருந்தது.

பிரின்ஸ்லி குழுவினர் இவற்றுள் எதையும் தேரவில்லை. டேவ் ராபின்சனோடு சேர்ந்து, லண்டனின் வடமேற்கு விளிம்பில் உள்ள நார்த்வுட்டில் ஒரு வீட்டை எடுத்துக் கூட்டாகக் குடியேறினர். ஒரே வீட்டில் உண்டு, உறங்கி, நாள்தோறும் வாசித்தனர். இரண்டாம் இசைத்தட்டுக்குப் பின்புலமாக அமைந்தது இந்த ஒதுங்கல்தான். அதன் முதற்பாடலின் பெயர் 'கன்ட்ரி கேர்ள்'. நாட்டுப்புறத்துப் பெண்ணைப் பற்றிய அப்பாடல், ஃபிடிலும் பெடல் ஸ்டீல் கிதாரும் துள்ள, அமெரிக்கத் தென்மாநிலத்துக் கன்ட்ரி இசையின் நடையில் அமைந்தது. கென்ட்டிலிருந்து வந்தவர்களுக்கு டென்னசியின் நடை எங்கிருந்து வந்தது?

இதற்கு அணிமைக் காலத்து விடை ஒன்றும் நெடுங்காலத்து விடை ஒன்றும் உண்டு.

அணிமைக் காலத்து விடை தட்டுகளின் வழியே வந்தது. 1968-இல் பேர்ட்ஸ் குழு 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' என்ற இசைத்தட்டில், மின்கிதார் தலைமுறை இகழ்ந்து ஒதுக்கிய கன்ட்ரி இசையைத் தன்னுடையதாக்கியது. அதே ஆண்டு 'த பேண்ட்' குழுவின் 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்' வந்தது. ஒரு வீட்டின் நிலவறையில் கூடி வாசித்துக் கண்டடைந்த இசை என்று அது புகழ்பெற்றது. 1969-இல் பாப் டிலனின் 'நாஷ்வில் ஸ்கைலைன்' வெளியானது. இவை கடல் கடந்து பிரிட்டனை எட்டின. 1970-இல் எல்டன் ஜான் 'டம்பிள்வீட் கனெக்‌ஷன்' என்று அமெரிக்க மேற்குப்புறத்தைக் கற்பனை செய்து ஒரு முழுத்தட்டையே உருவாக்கினார். மேத்யூஸ் சதர்ன் கம்ஃபர்ட் குழு பாடிய 'வுட்ஸ்டாக்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கொச்சைஸ் என்ற மற்றொரு குழுவில் பி.ஜே. கோல் என்ற இளைஞர் பெடல் ஸ்டீல் வாசித்துவந்தார். கால்மிதிகளும் முழங்கால் நெம்புகோல்களும் கொண்டு சுரங்களை வளைத்து இழுக்கும் அக்கருவியைத் தேர்ச்சியுடன் வாசிப்போர் அன்றைய இங்கிலாந்தில் மிகச் சிலர். பிரின்ஸ்லியின் இரண்டாம் தட்டிலும் அவர் வந்து வாசித்தார்.

நெடுங்காலத்து விடை இன்னும் சுவையானது. 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப் என்ற ஆங்கில நாட்டுப்பாடல் ஆய்வாளர், மாட் கார்ப்பெலிஸ் என்ற அம்மையாரின் துணையோடு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று பாடல்களைத் திரட்டினார். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழக்கொழிந்துகொண்டிருந்த கதைப்பாடல்கள், குடியேறியவர்களின் வழித்தோன்றல்களிடையே அங்கு உயிரோடு இருந்தன. அந்தப் பாடல்மரபும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழியே வந்த பாஞ்சோவும், கறுப்பின மக்களின் புளூஸும், தேவாலயப் பாடல்களும் கலந்தே கன்ட்ரி இசை பிறந்தது. பின்னர் 1950களின் நடுவில் லானி டோனகன் அமெரிக்க நாட்டுப்பாடல்களைக் கிதாரிலும் துணி துவைக்கும் பலகையிலும் வாசித்து 'ஸ்கிஃபிள்' அலையைக் கிளப்ப, பிரிட்டிஷ் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் கிதார் வாங்கினர். பீட்டில்ஸும் அங்கிருந்து கிளைத்தவர்களே. ஆக, ஆங்கிலேயன் ஒருவன் கன்ட்ரி பாடும்போது அயலான் வீட்டுப் பொருளை எடுத்துக்கொள்கிறான் என்று மட்டும் கூற இயலாது. பாட்டனின் பொருள், பலர் கைபட்டு, வேறு பல செல்வங்களோடு சேர்ந்து அடையாளம் தெரியாமல் திரும்பிவந்திருக்கிறது. அதில் அவனுக்கு ஒரு பங்குண்டு. முழு உரிமை இல்லை.

*

இனி இசைத்தட்டைப் பார்ப்போம். மொத்தம் எட்டுப் பாடல்கள். பெரும்பாலானவை நிக் லோவின் ஆக்கங்கள். 'பீஸ் ஆஃப் ஹோம்' பாப் ஆண்ட்ரூஸினுடையது.

'கன்ட்ரி கேர்ள்' மேற்சொன்னவாறு பேர்ட்ஸின் தடத்தை மறைக்காமல் பின்பற்றுகிறது. மறைக்காததே அதன் அழகு. ஃபிடில் ஓடிவந்து சேருமிடத்தில் குழுவினரின் மகிழ்ச்சி கேட்போரைத் தொற்றிக்கொள்கிறது. அடுத்து வரும் 'த ஸ்லோ ஒன்', 'மெதுவான பாட்டு' என்ற தன் பெயருக்கேற்பத் தாழ்ந்த குரலில் நடக்கிறது. ஒத்திகையில் வழங்கும் அடையாளச் சொல்லையே தலைப்பாக விட்டுவிட்டார்களோ என்று எண்ணத் தோன்றும். 'ஃபங்க் ஏஞ்சல்' சாக்ஸபோன் ஒலியோடு சோல் இசையின் பக்கம் சாய்கிறது. ஃபில்மோர் மேடையில் இவர்களுக்குப் பின் பாடிய வான் மாரிசனின் நிழலை இத்தட்டில் ஆங்காங்கே உணரமுடிகிறது. அவமானப்பட்ட அந்த இரவில் அவர்கள் எதையும் கற்காமல் திரும்பவில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஆண்ட்ரூஸின் ஆர்கன் இத்தட்டுக்குத் தூண் போன்றது. த பேண்ட் குழுவின் கார்த் ஹட்சன் காட்டிய வழியில், முன்னே வந்து நிற்காமல், பாடலின் பின்சுவரில் வண்ணம் பூசுவதுபோல் அது இயங்குகிறது. 'வீட்டின் ஒரு துண்டு' என்று பொருள்படும் அவருடைய பாடலின் தலைப்பு, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களின் தட்டுக்கு வெகுவாகப் பொருந்துகிறது. 'லவ் சாங்', 'ஸ்டார்ஷிப்' ஆகியவை எளிய மெட்டுகளில் நிக் லோவுக்கு இருந்த பிடிப்பைக் காட்டுவன. 'ஸ்டார்ஷிப்' என்றால் விண்மீன் கப்பல். மற்றக் குழுக்கள் விண்வெளியை மின்னொலிகளால் கட்டியெழுப்பிய காலத்தில் அத்தலைப்பைச் சூடிய பாடல் மண்ணைவிட்டு எழாமல் நிற்பது ஒரு குறும்பு. இறுதியாக 'எபரி டவுன்', 'ஓல்ட் ஜாரோ' என இரு பாடல்கள். ஜாரோ என்பது வடகிழக்கு இங்கிலாந்தின் ஊர்ப்பெயர். 1936-இல் வேலையிழந்த கப்பல் கட்டும் தொழிலாளர் ஏறத்தாழ 200 பேர் லண்டனுக்கு நடந்தே சென்று முறையிட்டது அவ்வூரிலிருந்துதான். அமெரிக்க நாட்டுப்புறத்தில் தொடங்கும் தட்டு ஆங்கில நாட்டுப் பெயர் ஒன்றில் முடிவதை நாம் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆயினும் கேட்டு முடிக்கையில் அது தற்செயலாகத் தோன்றுவதில்லை.

இத்தட்டைக் குறையற்றது என்று நாம் சொல்லவரவில்லை. பேர்ட்ஸ், த பேண்ட், டிலன், மாரிசன் என்று எந்தப் பாடல் யாரிடமிருந்து வந்தது எனக் கைகாட்ட முடியும். நிக் லோவின் குரல் இன்னும் தன் இயல்பான சுருதியில் அமரவில்லை. பிற்காலத்தில் அவர் எழுத்துக்கு முத்திரையாக அமைந்த நறுக்கும் நகைச்சுவையும் இங்கு முளைநிலையிலேயே உள்ளன. விமரிசகர்கள் இதனை 'வழிமொழிதல்' என்று ஒதுக்கியதற்குக் காரணம் இல்லாமலில்லை.

ஆனால் வழிமொழிதல் இழுக்காகுமா என்பது நம்மிடம் நெடுங்காலமாகச் சிந்திக்கப்பட்ட கேள்வி. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுக்கும் நன்னூல், வழிநூலை இரண்டாந்தரமாகக் கருதவில்லை. முன்னோர் நூலோடு பெரிதும் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்து, மரபு அழியாமல் நடப்பது வழிநூல் என்பது அதன் கருத்து. அந்த அளவுகோலால் பார்த்தால் இத்தட்டின் முதன்மையான கேள்வி மாறிவிடுகிறது. 'இது யாருடைய சாயல்?' என்று கேட்பதை விடுத்து, 'பின்னோன் வேண்டிய வேறுபாடு எது?' என்று கேட்கலாம்.

அந்த வேறுபாடு தாழ்ந்த குரல் என்பது நம் துணிபு. அமெரிக்கக் கன்ட்ரி-ராக் தன் நாட்டின் பெரும் பரப்பையும் பழங்காலத்தையும் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தது. பிரின்ஸ்லி குழுவினருக்கு அப்படிப்பட்ட நிலமும் இல்லை, காலமும் இல்லை. ஊர் சிரித்த பிறகு, நான்கு பேர் ஒரு வீட்டில் அமர்ந்து, ஒருவருக்கொருவர் இடம்விட்டு வாசிக்கப் பழகுகிறார்கள். கன்ட்ரி இசையின் எளிய கட்டமைப்பு அவர்களுக்கு ஒரு பயிற்சிக்களமாயிற்று. மூன்று நான்கு சுரக்கூட்டுகள், பாடலுக்குத் தேவையான அளவே கருவியிசை, தனிக்காட்டலுக்கு இடமின்மை என்ற ஒழுங்குகளை அவர்கள் தாமே ஏற்றுக்கொண்டார்கள். பிரம்மாண்டத்தால் புண்பட்டவர்களுக்கு எளிமை ஒரு பாணி மட்டும் அன்று. பிழைக்கும் வழியும் அதுவே. தட்டின் தலைப்பில் உள்ள பிடிவாதத்தை இவ்வாறே நாம் புரிந்துகொள்கிறோம்.

*

தட்டு பெரிதாக விற்கவில்லை. ஆயினும் பழகிக்கொண்ட எளிமை வீண்போகவில்லை. 1971-இல் எக்ஸ் ஓவர் ஈசி என்ற அமெரிக்கக் குழு லண்டனின் கென்டிஷ் டவுனில் டாலி ஹோ என்ற மதுக்கூடத்தில் வாசிக்கத் தொடங்கியது. சிறு கூடம், சிறு ஒலிபெருக்கி, கைக்கெட்டும் தூரத்தில் கேட்போர். பிரின்ஸ்லி குழுவினர் அதனைக் கண்டு தம் இடம் எதுவென்று தெளிந்தனர். அதற்குள் இயன் காமும் குழுவில் சேர்ந்திருந்தார். 1972 தொடங்கி அவர்களும் மதுக்கூடங்களில் வாசிக்க, 'பப் ராக்' என்னும் இயக்கம் உருப்பெற்றது. 2600 இருக்கை அரங்கில் தோற்ற குழு, சில நூறு பேர்கூட நிற்க இடமில்லாத கூடங்களில் வென்றது. 'சில்வர் பிஸ்டல்' முதலான அடுத்த தட்டுகள் விமரிசகர்களின் மதிப்பைப் பெற்றன. 1973-இல் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழுவினுடைய பிரிட்டிஷ் பயணத்தில் இவர்கள் முன்னணி வாசித்தனர். 1974-இல் வந்த கடைசித் தட்டின் தொடக்கப் பாடல், அமைதியையும் அன்பையும் புரிதலையும் நகையாடுவோரைப் பார்த்து அதில் என்ன வேடிக்கை என்று கேட்பது. எல்விஸ் காஸ்டெல்லோ அதைப் பாடிப் புகழ்பெறச் செய்தார். 1992-இல் 'த பாடிகார்ட்' திரைப்பட இசைத்தொகுப்பில் வேறொருவர் குரலில் அது உலகெங்கும் சென்றது. குழு 1975-இல் கலைந்தது.

கலைந்தவர்கள் வரலாற்றிலிருந்து மறையவில்லை. ஷ்வார்ட்ஸும் ஆண்ட்ரூஸும் கிரஹாம் பார்க்கரின் 'த ரூமர்' குழுவில் இணைந்தனர். டேவ் ராபின்சன் 1976-இல் ஜேக் ரிவியெராவோடு ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு நிக் லோவின் தனிப்பாடல். 1977-இல் த டேம்ண்ட் குழுவின் முதல் தட்டையும் எல்விஸ் காஸ்டெல்லோவின் முதல் தட்டையும் தயாரித்தவர் நிக் லோ. அலங்காரத்தை வெட்டியெறிந்து பாடலை மட்டும் நிறுத்து என்ற அக்காலத்தின் கட்டளையை அவர் 1970-இலேயே, வேறு காரணத்துக்காகக் கற்றிருந்தார்.

இவ்வரலாற்றில் இன்னும் ஒரு கண்ணி உண்டு. 1979-இல் நிக் லோ, பாடகி கார்லின் கார்ட்டரை மணந்தார். அப்பலாச்சிய மலைப்பாடல்களை 1927 முதல் ஒலிப்பதிவுகளில் ஏற்றிய கார்ட்டர் குடும்பத்தின் பெயர்த்தி அவர். அவருடைய தாயை மணந்தவர் ஜானி கேஷ். அம்மணம் நிலைக்கவில்லை. ஆனால் ஜானி கேஷுக்கென நிக் லோ எழுதத் தொடங்கிய 'த பீஸ்ட் இன் மீ' என்ற பாடல், பல ஆண்டுகள் கழித்து முழுமை பெற்று, 1994-இல் வெளியான கேஷின் 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' தட்டில் இடம்பெற்றது. ஒற்றைக் கிதாரும் ஒரு முதிய குரலும் மட்டும் கொண்ட அப்பதிவைக் கேட்பவர், அதை எழுதியவர் ஆங்கிலேயர் என்று எண்ணமாட்டார்.

பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் குழுவைப் பற்றிய குறிப்புகளில் ஃபில்மோர் தோல்வி முதலில் வரும். மதுக்கூட வெற்றி அடுத்து வரும். இடையிலுள்ள எட்டுப் பாடல்களைத் தாண்டிச் சென்றால், முன்னதிலிருந்து பின்னதற்கு அவர்கள் எவ்வாறு வந்தார்கள் என்பது விளங்காது. நண்பர்கள் வாய்ப்பு நேரும்போது 'கன்ட்ரி கேர்ள்' பாடலிலிருந்து தொடங்கிக் கேட்கலாம். மேதைமையைத் தேடவேண்டா. ஊரார் சிரிப்பு ஓயுமுன்பே நான்கு இளைஞர்கள் மீண்டும் கருவிகளைக் கையிலெடுத்ததைக் கேட்கலாம்.